ஒரு கூத்துக் கொப்பியும் மூன்று திரைகளும்: தமிழ் மின்நூல் குழம்பினால் எந்த வழியில் போகலாம்?

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் மாமா வீட்டு விறாந்தை மேசையில் மூன்று திரைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். அக்கா கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்த மின்வாசிப்பான் ஒன்று, தம்பி கட்டாரிலிருந்து அனுப்பியது ஒன்று, மூன்றாவது என்னுடைய போன். மூன்றிலும் இருந்தது இபப் என்ற மின்நூல் வடிவத்தில் ஒரே கோப்பு. மாமா வைத்திருந்த வடமோடிக் கூத்துக் கொப்பியை நாங்கள் கணினியில் ஏற்றி மின்நூலாக்கியது. போனில் ஒழுங்காக வந்தது. கோபோ என்ற வாசிப்பானில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. மற்றதான கிண்டிலில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இது என்ன பாஷை மனே?" என்றார்.

அந்தக் கொப்பி அவருடைய அப்பா கையால் எழுதியது. 1978 நவம்பர் சூறாவளியில் வீட்டுக் கூரையோடு பழைய கொப்பி போய்விட, பக்கத்து ஊரில் ஒருவரிடம் இருந்ததைப் பார்த்து மறுபடியும் எழுதினாராம். அதனால் இதைப் பிழையில்லாமல் எல்லாத் திரையிலும் கொண்டுவருவது எனக்கு விளையாட்டு வேலையாக இருக்கவில்லை. கூத்தாடுகிறவர்களுக்கு அவரவர் பாட்டைப் பிரித்துக் கொடுக்கிற, சட்டம் கொடுக்கிற நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். பிடிஎஃப் ஆக்கு என்றார் ஒருவர், போனிலேயே படிக்கட்டும் என்றார் இன்னொருவர், வேறு கருவி வாங்கு என்றும் சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்தபிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: திரையில் எப்படிக் குழம்பியிருக்கிறது என்று பார்க்காமல் வழியைத் தேர்ந்தால் ஒரு நோய்க்கு இன்னொரு நோயின் மருந்தைக் குடித்த கதையாகிவிடும்.

முதலில் குழப்பத்தின் முகத்தைப் பாருங்கள்

சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து வந்தால் அது அநேகமாகப் பாமினி என்ற பழைய எழுத்துரு. நம் பக்கத்தில் முன்பு தட்டச்சான கோவில் மலர், இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டு, பாடசாலைச் சஞ்சிகை எதை எடுத்தாலும் பாமினியிலோ அதன் இனத்து எழுத்துருவிலோதான் கிடக்கும். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குப் போட்ட தமிழ் முகமூடி. நாம் 'அம்மா' என்று படிப்பதைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகளாக வைத்திருக்கிறது. நடுவில் இருக்கிற அரைப்புள்ளிதான் மகர மெய்யின் புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் முகமூடி கழன்று உள்ளே இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறி, அடுத்து இன்னொரு குறி என்று மும்மூன்றாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு நோய். இங்கே கோப்பு ஒருங்குறியில், அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடில், சரியாகத்தான் இருக்கிறது. ஒருங்குறியைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அந்த மூன்றையும் சேர்த்து ஒரு குறியாக எடுக்காமல் தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாக எடுத்தால் இப்படித்தான் வரும். மாமா 'என்ன பாஷை' என்று கேட்டது இதைத்தான். பிழை எங்களுடையது. இபப் என்பது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஸிப் பொதி. அதற்குள் அத்தியாயங்கள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். அவற்றின் முதல் வரியில் 'இது யூடிஎஃப்-8' என்ற அறிவிப்பை நாங்கள் விட்டுவிட்டோம். விதிப்படி பார்த்தால் அறிவிப்பு இல்லாவிட்டாலும் யூடிஎஃப்-8 என்றே எடுக்கவேண்டும். ஆனாலும் கிண்டிலுக்கு அனுப்பும் வழி போன்ற சில இடங்களில் அது பழைய லத்தீன் குறிமுறையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒரு வரி சேர்த்தால் முடிகிற விசயம்.

வெறும் பெட்டி பெட்டியாக வந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். இதுதான் எல்லாவற்றிலும் லேசானது. கோபோவிலும் 2018க்குப் பிந்திய மென்பொருள் உள்ள கிண்டிலிலும் எழுத்துருக்களுக்கென்று ஒரு அடைவு உண்டு. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை வயர் போட்டு அதற்குள் வைத்தால் போதும்.

கடைசியாக, எழுத்துகள் தமிழாக இருந்தும் இடம் மாறி நிற்பது. 'கொலு' என்று வரவேண்டிய இடத்தில் ககரம் முதலில் தனியே நிற்கும், கொம்பும் காலும் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒருங்குறியில் உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது வாசிக்கிற மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் எந்த எழுத்துருவைப் போட்டாலும் சரிவராது. இதை எழுத்துருக் கோளாறு என்று நினைத்து நான் ஒரு முழு இரவு பத்துப் பன்னிரண்டு எழுத்துருவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாமினியை உள்ளே வைப்பதா, ஒருங்குறிக்கு மாற்றுவதா?

எங்கள் கொப்பியைத் தட்டச்சு செய்த பிள்ளை பழகிய கையால் பாமினியில்தான் அடித்திருந்தார். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பாமினி எழுத்துருவையே இபப்புக்குள் பொதிந்துவிடலாம். ஐந்து நிமிட வேலை, திரையில் தமிழ் வந்துவிடும். ஊரில் பலர் இதைத்தான் செய்கிறார்கள், ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு முன், முதல் நாள் நானும் அதைத்தான் செய்தேன்.

ஆனால் வாசிப்பவர் எழுத்துருவை மாற்றிய நொடியே எல்லாம் போய்விடும். தேடல் வேலை செய்யாது. கண் தெரியாதவருக்குப் போன் வாசித்துக் காட்டினால் எம், கே என்று ஆங்கில எழுத்தை வாசிக்கும். கிண்டிலின் பழைய மொபி வடிவத்தில் எழுத்துருவைப் பொதியவே இடமில்லை. ஒரு வாரத்துக்கு ஒரே கருவியில் படித்துவிட்டு விடுகிற ஒன்றுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி பரவாயில்லை. வைத்துக் காக்கவேண்டிய எதற்கும் வேண்டாம்.

மாற்றுவதற்குச் சுரதா மாற்றி, என்எச்எம் மாற்றி போன்ற இலவசக் கருவிகள் நெடுநாளாக இருக்கின்றன. மாற்றுவது ஒரு சொடுக்கு. மாற்றியபின் படித்துத் திருத்துவதுதான் வேலை. பாமினியில் காற்புள்ளி விசையில் 'இ' இருக்கிறது. ஏற்கெனவே ஒருங்குறியில் இருந்த ஒரு பந்தியும் தவறுதலாக மாற்றிக்குள் போய்விட்டால் காற்புள்ளியெல்லாம் இகரமாகிவிடும். 'மட்டக்களப்புஇ அம்பாறைஇ திருகோணமலை' என்று செய்திகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. எங்கள் கொப்பியின் முன்னுரையை வேறொருவர் ஒருங்குறியில் எழுதிக் கொடுத்திருந்தார். அது முழுக்க இந்த இகரம். கொப்பிக்குள் அங்கங்கே இருந்த ஆங்கிலச் சொற்களும் அர்த்தமில்லாத தமிழாக மாறிக் கிடந்தன.

இன்னொன்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வடமோடி என்றால் பெரும்பாலும் பாரதக் கதை, கௌரவர் அடிக்கடி வருவார்கள். அந்தக் 'கௌ'வை ஒற்றைக் குறியாக இடாமல் 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடித்திருந்தால் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். தேடினால் அகப்படாது. ஒரு இடத்தில் 'கௌரவர்', இன்னொரு இடத்தில் 'கெளரவர்'. இதைக் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றவும் முடியாது. 'கெளுத்தி' மீனில் வருவது உண்மையான ளகரம். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்றினேன். மாமா பக்கத்தில் இருந்து பாடிக்கொண்டே வர, நான் திரையில் பின்தொடர்ந்தேன். நாலு பின்னேரம் போனது.

அவசரத்துக்குப் பிடிஎஃப்

பிடிஎஃப் கோப்பில் எழுத்து வடிவங்கள் செய்கிற இடத்திலேயே அடுக்கப்பட்டுவிடும். வாசிக்கிற கருவிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அதனால் எந்தத் திரையிலும் கொம்பு இடம் மாறாது. இந்த ஒரு நல்லதுக்காகத்தான் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப்போடு கூட 6 அங்குலத் திரைக்கென்று தனியாக ஒரு பிடிஎஃப்பும் தருகிறார்கள். ஏ4 பக்கத்தை அப்படியே சின்னத் திரையில் போட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். பக்க அளவையே 9 சதமமீற்றர் அகலம், 12 சதமமீற்றர் உயரம் என்று வைத்து லிப்ரே ஆபீசில் பிடிஎஃப் எடுத்தால் 6 அங்குலத் திரைக்கு அளவாக வரும்.

குறை என்னவென்றால் எழுத்தைப் பெரிதாக்க முடியாது. மாமாவுக்கு ஒரு கண்ணில் கற்றராக் சத்திரசிகிச்சை முடிந்திருக்கிறது, மற்றதற்கு இன்னும் இல்லை. அவருக்கென்று எழுத்தைப் பெரிதாக வைத்து ஒரு பிடிஎஃப் செய்தால் தம்பிக்கு அது பெரிதாகிவிடுகிறது, பக்கமும் பெருகுகிறது. ஆளுக்கொரு பிடிஎஃப் செய்துகொண்டிருக்க முடியுமா? பிடிஎஃப்பிலிருந்து தமிழைப் பிரதியெடுத்து ஒட்டினாலும் பெரும்பாலும் குளறுபடியாகத்தான் வரும். நாளைக்கு யாரும் அதிலிருந்து மூலத்தை மீட்கமுடியாது. சரி, இந்தக் கிழமை படித்தாகவேண்டும் என்றால் பிடிஎஃப்தான் முதல் தெரிவு. அதையே காப்பகமாக நினைத்துவிடக் கூடாது.

ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கிற நூலகம் தளத்திலிருந்து இறக்குகிற பழைய நூல்கள் வேறு சங்கதி. அவை பக்கங்களைப் படமாக வருடிய பிடிஎஃப்கள். அங்கே எழுத்து என்பதே கிடையாது, படம்தான். அவற்றுக்குக் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் ஓரங்களை வெட்டி, வரிகளைச் சொற்களாகப் பிரித்துச் சின்னத் திரைக்கு மறுபடி அடுக்கித் தரும். உரைநடைக்கு நன்றாக வருகிறது. செய்யுளுக்கு வேண்டாம், அடிகளை ஒன்றோடொன்று ஓட்டிவிடுகிறது.

கருவிக்கு ஏற்ற வடிவம்

கோபோவில் ஒரே புத்தகம் இரண்டு விதமாகத் திறக்கும். சாதாரண இபப் என்றால் அடோபியின் பழைய இயந்திரம் திறக்கிறது. இந்திய மொழிகளின் எழுத்து அடுக்கலில் அது பலவீனமானது, கொம்பு பின்னால் போவது அங்கேதான். கோபோவின் சொந்த வடிவமான கேஇபப் என்றால் வேறொரு இயந்திரம் திறக்கும், அது இணைய உலாவிகளின் வழியில் வந்தது. ஆகவே கோபோக்காரர் கருவியை மாற்ற நினைக்கும் முன் கோப்பைக் கேஇபப் ஆக்கிப் பார்க்கவேண்டும். கேபபிஃபை என்ற சின்ன மென்பொருள் இதைச் செய்யும். கலிபர் வைத்திருப்பவர்களுக்கு 2025 மார்ச்சில் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது. கலிபரைத் தெரியாதவர்களுக்கு: 2006இலிருந்து வளர்ந்துவருகிற இலவச மென்பொருள், மின்நூல் வேலைக்கு வீட்டில் கத்தி மாதிரி.

கிண்டிலில் நிலைமை வேறு. 2016 டிசம்பரிலிருந்து அமேசானே கிண்டிலில் தமிழ் நூல்களை விற்கிறது, புதிய கருவிகளில் எழுத்து அடுக்கல் பிரச்சினை இல்லை. அங்கே தொல்லை கோப்பு போகிற பாதையில்தான். வயர் போட்டு இபப்பை நேரே உள்ளே வைத்தால் கிண்டில் அதைக் கண்டுகொள்ளாது. ஒன்று, கலிபரில் கிண்டிலின் வடிவமான ஏஇசட்டபிள்யூ3 ஆக மாற்றி வயரில் போடலாம். இல்லையென்றால், 2022இலிருந்து அவர்களுடைய அனுப்பும் சேவை இபப்பை ஏற்கிறது, அவர்களே மாற்றித் தருவார்கள். நான் முதலாவதைத்தான் விரும்புகிறேன். கைக்குக் கை போகிற மாதிரி, எங்கே கெட்டது என்று தெரியும். அனுப்பும் சேவை வழியில் கோப்பின் கட்டமைப்பில் சின்னப் பிழை இருந்தாலும் இ999 என்ற எண்ணோடு ஒரு மறுப்பு வரும், காரணம் இருக்காது. அதற்காக அதை ஒதுக்கவும் முடியாது. கட்டாரில் தம்பி தன்னிடம் வைத்திருக்கிற இன்னொரு கருவிக்கு இங்கிருந்து வயர் போட முடியாதே. பழைய மொபி வடிவத்தை இனி எதற்கும் எடுக்காதீர்கள்.

கேஓரீடரை எங்கே வைப்பது என்று எனக்கு நெடுநேரம் யோசனை. திறமூல வாசிப்பு மென்பொருள்; ஹார்ஃப்பஸ் என்ற அடுக்கல் இயந்திரம் அதற்குள் இருப்பதால் தமிழை அழகாகக் காட்டும். எழுத்தளவு, வரி இடைவெளி எல்லாம் நம் கையில். கே2பிடிஎஃப்ஆப்ட் செய்கிற வேலையையும் அதற்குள்ளேயே செய்யலாம். கோபோவில் சில கோப்புகளை நகலெடுத்து வைத்தாலே ஏறிவிடும். கிண்டிலில் முதலில் அமேசான் போட்ட மென்பொருள் பூட்டை உடைக்கவேண்டும், அதை வேறொருவருடைய கருவியில் நான் செய்யமாட்டேன். அதன் பட்டியல்களும் அடுக்கடுக்காக நீளும். மாமா தெரியாமல் ஓரத்தைத் தொட்டு ஒரு பட்டியலுக்குள் போய்விட்டு, வெளியே வர என்னைக் கூப்பிட்டார். ஒரே நாளில் ஆறு தடவை. எனக்கு அது மிகவும் பிடிக்கும். அவருக்குக் கேஇபப்தான் சரி.

போன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ரீட்எரா, மூன் ரீடர் போன்ற வாசிப்புச் செயலி எதில் திறந்தாலும் தமிழ் சரியாக வரும், சத்தமாக வாசித்தும் காட்டும். மூலம் ஒருங்குறியாக இருந்தால் போதும். வெயிலில் தெரியாது, கண் களைக்கும், நடுவில் அழைப்பு வரும். இளம் பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டல்ல. கூத்துப் பழகுகிற பெடியன்கள் எல்லாரும் போனில்தான் தங்கள் பாட்டைப் பாடமாக்குகிறார்கள்.

இபப்பைத் திறந்து திருத்துவது

மற்ற வழிகளெல்லாம் வாசிப்பவருக்கு. இது கோப்பைச் செய்தவருக்கு. எங்கள் கொப்பிக்கு இதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கலிபரின் திருத்தியிலோ சிஜில் என்ற இன்னொரு திருத்தியிலோ இபப்பைத் திறந்தால் உள்ளே இருக்கிற கோப்புகள் இடப்பக்கம் வரிசையாக வரும். நாங்கள் முழுக் கூத்தையும் ஒரே கோப்பாக வைத்திருந்தோம். சில பழைய கருவிகள் 300 கிலோபைட்டுக்கு மேற்பட்ட உட்கோப்பைத் திறக்கத் திணறும், அதனால்தான் கலிபர் தானாகவே 260இல் வெட்டுகிறது. ஆங்கிலத்தில் அந்த அளவை எட்ட ஒரு நாவலின் பாதி வேண்டும். தமிழுக்குக் குறிக்கு 3 பைட் என்பதால் அதில் மூன்றில் ஒரு பங்கிலேயே எட்டிவிடுகிறோம். தானாக வெட்டினால் ஒரு விருத்தத்தின் நடுவில்கூட வெட்டு விழலாம். பாத்திரங்கள் களரிக்கு வருகிற ஒவ்வொரு கொலு வரவிலும் நாங்களே பிரித்தோம். அப்புறம் பக்கம் புரட்டுவது லேசாகிவிட்டது.

பிரித்தபின் பொருளடக்கம். இபப் 3 வடிவத்தில் அது ஒருவிதம், இபப் 2இல் வேறுவிதம். பழைய கருவி இரண்டாவதை மட்டும் தேடும். இரண்டையும் வைப்பதில் ஒரு நட்டமும் இல்லை. மொழி என்ற இடத்தில் தமிழுக்கான குறி இருக்கிறதா என்றும் பாருங்கள், எங்கள் கோப்பில் அது ஆங்கிலம் என்று கிடந்தது. உட்கோப்புகளுக்குத் தமிழிலும் இடைவெளி விட்டும் பெயர் வைத்திருந்தோம், அவற்றை எண்களாக மாற்றினோம்.

அதிக நேரம் எடுத்தது பாட்டின் அடுக்கு. தட்டச்சு செய்தவர் தரு என்ற கூத்துப் பாட்டின் அடிகளை உள்ளே தள்ளுவதற்கு இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டி இடம் விட்டிருந்தார். தாளில் அது அழகு. இபப் பத்து இடைவெளியையும் ஒன்றாகச் சுருக்கிவிடும், எல்லா அடியும் இடப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டன. அடிகளுக்கென்று ஒரு பாணி எழுதி, அடி நீண்டு மடிந்தால் மடிந்த பகுதி இரண்டு எழுத்து உள்ளே தள்ளி வரும்படி வைத்தோம். அப்போதுதான் எது புது அடி, எது மடிந்த அடி என்று பாடுகிறவருக்குத் தெரியும். தாளக்கட்டு இன்னும் சிக்கல். 'தகதிகதகதிகதாம்' என்று இடைவெளியே இல்லாமல் ஓடுகிற வரி திரைக்கு வெளியே போய்விடும். எங்கே பிரித்தால் தாளம் கெடாது என்று மாமா மேசையில் தட்டிக் காட்டக் காட்ட, அந்தந்த இடத்தில் இடைவெளி விட்டேன். இருபக்கமும் சமன்செய்வதையும் நிறுத்திவிட்டோம். தமிழில் சொற்கள் நீளமானவை, சின்னத் திரையில் சமன்செய்தால் வரிக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். வரி உயரத்தை இத்தனை புள்ளி என்று கட்டி வைத்திருந்ததை எடுத்துவிட்டு எழுத்தளவின் ஒன்றரை மடங்கு என்று போட்டதும், 'கீ', 'டீ' போன்றவற்றின் மேற்சுழி வெட்டுப்பட்டதும் நின்றது.

கடைசியில் இபப்செக் என்ற சோதனைக் கருவியில் ஓட்டினோம். முதல் தடவை பிழைகள் திரை நிறைய வந்தன. அவற்றில் பாதிக்குமேல் ஒரே பிழையின் பிரதிகள். மேலிருந்து ஒன்றைத் திருத்தினால் கீழே பல மறைந்துவிடும், பயப்பட வேண்டாம்.

அந்த ஒரு இபப்பிலிருந்தே கோபோவுக்குக் கேஇபப், தம்பிக்கு அனுப்பும் சேவை வழி, பெடியன்களின் போனுக்கு அப்படியே இபப், எல்லாம் எடுத்தோம். கடையில் வாங்கிய நூலுக்கு இந்த உழைப்பு தேவையில்லை. பூட்டுப் போட்டு விற்ற நூலை இன்னொரு நிறுவனத்தின் கருவியில் திறக்க முயன்று நேரத்தை விடவேண்டாம், அவர்களுடைய செயலியிலேயே படியுங்கள். இலவச நூல் ஒன்று குழம்பினால் கேஇபப் அல்லது ஏஇசட்டபிள்யூ3, அதுவும் சரிவராவிட்டால் 6 அங்குலப் பிடிஎஃப் அல்லது போன். வீட்டில் ஒரே ஒரு பிரதியாக இருக்கிற கொப்பியோ, ஊர்க் கோவிலின் பழைய பாடலோ என்றால் இபப்பைத் திறந்து உட்காருங்கள்.

கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாருக்கு மட்டும் திரை வேண்டாமாம். கூத்தாடுகிற களரியில் மத்தளத்தோடு நிற்கிறவருக்குத் தாள்தான் வசதி. அதே இபப்பிலிருந்து ஏ4 அச்செடுத்துக் கட்டிக் கொடுத்தோம். இரண்டாம் நாள் அவர் அதில் ஓர் அடியைச் சிவப்புப் பேனையால் வெட்டி, தன் தகப்பன் பாடிய பாடத்தை ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தார். மாமா அதைப் பாடிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் திருத்தியைத் திறந்து அந்த அடியைத் தேடினேன். முதல் தேடலிலேயே கிடைத்தது.